பழம் சுமக்கப் படித்த ராஜா

தேன்மலைக் காட்டில் பறவைகளுக்கெல்லாம் ராஜா ஓர் இருவாச்சி. பெயர் உக்கிரமாறன். முழ நீளத்துக்கு மஞ்சள் மூக்கு. அந்த மூக்கின் மேலேயே கிரீடம் போல ஒரு புடைப்பு. பிறக்கும்போதே கிரீடத்தோடு பிறந்தவருக்குத் தலைக்கனத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

அவர் போட்ட சட்டங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் காட்டில் சிரிப்பதற்கும் தடை இருந்தது. ராஜா கண் விழிக்கும் முன் யாரும் கூவக் கூடாது. குயில் மாதத்துக்கு இரண்டு முறை கூவலாம், அதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மயில் தோகையைப் பாதிதான் விரிக்கலாம். ராஜாவின் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. அவருடைய கால் நகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அதனால் தேன்மலையில் ராஜாவின் நகம் எல்லோருக்கும் மனப்பாடம். முகம் ஒருவருக்கும் தெரியாது.

தினமும் காலையில் பெரிய மருத மரத்தில் சபை கூடும். பறவைகள் ஆளுக்கொரு அத்திப்பழத்தோடு வரிசையில் நிற்கும். ராஜா கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பார். வரிசையில் வருகிறவர்கள் குனிந்த தலை நிமிராமல் பழத்தை அதில் போட்டுவிட்டு நகரவேண்டும். பட்டம் கட்டிய நாளிலிருந்து ராஜா ஒரு பழத்தைக்கூடத் தானாகப் பறித்ததில்லை.

வரிசையை ஒழுங்குபடுத்தியது மந்திரி, ஓர் இரட்டைவால் குருவி. எந்தப் பறவையின் குரலையும் அப்படியே பேசிக்காட்டுவதில் அவர் கெட்டிக்காரர். அதிலும் ராஜாவின் குரல் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ராஜா தூங்கும்போது மந்திரி அவர் குரலில் உத்தரவு போட்டுக்கொண்டிருப்பார். ராஜா தூங்கினாலும் அதிகாரம் தூங்கவில்லை. சிந்திய பழமெல்லாம் மந்திரி வீட்டுக்குப் போய்விடும்.

இப்படி ஒரு குறையும் இல்லாத ராஜாவுக்கு ஒரே ஒரு குறை. பெண் கிடைக்கவில்லை.

இருவாச்சிக் குலத்தில் கல்யாண முறை ரொம்ப எளிது. ஆண் ஒரு பழத்தைக் கொண்டுவந்து நீட்டுவான். பெண் அதை வாங்கிக்கொண்டால் சம்மதம். ஆனால் அதற்குப் பிறகு வருவது எளிதல்ல. பெண் ஒரு மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்வாள். மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு சின்னப் பிளவுதான் மிச்சம். முட்டையிட்டுக் குஞ்சு வளரும்வரை, ஏறக்குறைய நாலு மாதம், அவளுக்கு வேண்டிய இரை முழுவதையும் அந்தப் பிளவு வழியாக ஆண்தான் ஊட்ட வேண்டும். அவன் வந்தால் சோறு. வராவிட்டால் இல்லை.

நம் ராஜா முதல் பெண்ணுக்குப் பழத்தை மந்திரி மூலம் கொடுத்தனுப்பினார்.

"பழம் கொண்டுவந்தது நீங்க. முறைப்படி நான் உங்களைத்தானே கட்டிக்கணும்?" என்று அவள் கேட்டாள். மந்திரிக்கு ஏற்கெனவே ஒரு மனைவி, அதுவும் வாய் நீண்ட மனைவி. பழத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

இரண்டாவது பெண்ணைச் சபைக்கே வரவழைத்தார்கள். ராஜா பழக்கதோஷத்தில் கண்ணை மூடி வாயைத் திறந்தார். அவள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ராஜா உச்சிவெயில் ஏறும்வரை வாயைத் திறந்தபடியே இருந்தார். மூன்றாவது பெண், தன்னைப் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே அடுத்த மலைக்குக் குடிபெயர்ந்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் காலை மிளகி வந்து சேர்ந்தாள். அவள் கீழ்மலைக்காரி, ஒரு பெண் இருவாச்சி. அவள் காட்டில் தீப்பிடித்து, இருந்த மரமெல்லாம் கரியாகிவிட்டது. தங்க ஒரு கிளை கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே பறந்து வந்தவள், மருத மரத்தில் கூட்டத்தைக் கண்டு இறங்கினாள்.

ராஜா கண்ணை மூடி வாயைத் திறந்து வைத்திருந்தார். ஒரு புறா பழத்தைப் போட்டது. அடுத்து ஒரு மைனா போட்டது.

மிளகியின் மனம் இளகிவிட்டது. அவள் குலத்தில் வாயில் ஊட்டி வாங்குகிறவர்கள் இரண்டே பேர். பொந்துக்குள் இருக்கும் தாய் ஒருத்தி, சிறகு முளைக்காத குஞ்சு ஒன்று. இது தாய் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"ஐயோ பாவம்! இவ்வளவு பெரிய குஞ்சா! இன்னுமா பறக்க வரலை? இதோட அம்மா எங்கே?" என்று கேட்டாள்.

சபை நடுங்கிப்போயிற்று. மைனா மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டு, இருமல் வந்தது போலச் சமாளித்தது.

ராஜா சிவந்த கண்ணைத் திறந்தார். "யார் அது? யாமா குஞ்சு?"

"அட, பேச்சு வருதே!" என்று மிளகி சந்தோஷப்பட்டாள்.

"யாம் இந்தக் காட்டின் அரசர்!"

"அப்படியா? மன்னிச்சுக்குங்க. இறக்கையில ஏதாவது அடியா?"

"இல்லை!"

"மூக்குல?"

"இல்லை!"

"பின்னே ஏன் இத்தனை பேர் ஊட்டறாங்க?"

ராஜா மந்திரியைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அதனால் மந்திரியும் பதில் தயாரித்து வைத்திருக்கவில்லை.

"இவளை நாடு கடத்துங்கள்!" என்று ராஜா முழங்கினார்.

மந்திரி அவர் காதோரம் பறந்து வந்தார். "மகாராஜா, ஒரு சின்ன விண்ணப்பம். சுற்றியிருக்கும் மலைகளில் நமக்குப் பயந்து ஓடாத பெண் இருவாச்சி இவள் ஒருத்திதான். இவளையும் துரத்திவிட்டால்..."

ராஜா தொண்டையைக் கனைத்தார். "தண்டனையை மாற்றுகிறோம். நீ எமக்கு ராணியாக வேண்டும்."

"நாடு கடத்தறதே தேவலை!" என்றாள் மிளகி.

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். "எனக்குத் தங்க ஒரு கிளை வேணும். உங்களுக்கு ஒரு பொண்ணு வேணும். பொண்ணு கேட்கிற முறையை நான் உங்களுக்குச் சொல்லித்தரேன். நல்லாப் படிச்சுக்கிட்டு வேற மலையில யாரையாவது கட்டிக்குங்க."

"யாம் மாணவனாக இருப்பதா?"

"கல்யாணம் வேண்டாம்னா விட்டுடுங்க."

மறுநாளே பாடம் தொடங்கிற்று. அரச கௌரவம் கெடக்கூடாது என்பதற்காக மலைக்குப் பின்னால், யாரும் வராத ஒரு அத்திமரத்தில்.

முதல் பாடம், பழத்தைப் பறித்து விழுங்காமல் எடுத்து வருவது. ராஜா ஒரு பழத்தைப் பறித்தார். ஆசிரியை உட்கார்ந்திருந்த கிளைக்கு வந்தார். வாயைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

"எங்கே?"

"போய்விட்டது."

"எங்கே போச்சு?"

"எமது வாயில் வைக்கப்பட்டது உள்ளே போவதே வழக்கம்."

பதினொரு பழம் அப்படியே போயிற்று. பன்னிரண்டாவது பழத்தை வாயில் வைத்துக்கொண்டு ராஜா பத்து முழம் பறந்தார். பொறுக்க முடியவில்லை. விழுங்கிவிட்டார். பிறகு, பழம் காற்றில் விழுந்துவிட்டதாகச் சொன்னார். மூக்கு நுனியில் சாறு வழிந்துகொண்டிருந்தது.

மிளகி வயிறு குலுங்கச் சிரித்தாள். தன் முன்னால் யாரும் சிரித்து ராஜா பார்த்ததில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்ன கோளாறு என்று அவருக்கே புரியவில்லை. மறுநாள் அவர் விடிவதற்கு முன்பே அத்திமரத்துக்கு வந்துவிட்டார்.

அன்றைக்கு ஒரு முழுப் பழம் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. ஆனால் அதை அவர் நீட்டிய அழகைப் பார்க்க வேண்டுமே!

"பெற்றுக்கொள்!"

"இது தானமா, தண்டனையா?" என்று மிளகி கேட்டாள். "முதல்ல பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பசிக்குதான்னு கேளுங்க. பசிச்சா கொடுங்க. பசிக்கலைன்னா பக்கத்துல உட்காருங்க."

"பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வது?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

ஒன்றும் செய்யாமல் ஒருத்தி பக்கத்தில் உட்காருவது ராஜாவுக்கு எல்லாப் பாடத்தையும்விடக் கஷ்டமாக இருந்தது. உத்தரவு போட வாய் துடித்தது. பிறகு மெல்லப் பழகிவிட்டது. ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருக்கையில், "ஏன் நீ யாரையும் கட்டிக்கொள்ளவில்லை?" என்று கேட்டார்.

"எங்க அக்கா ஒருத்தி இருந்தா. பழம் வாங்கிட்டுப் பொந்துக்குள்ள போனா. அத்தான் பத்து நாள் ஒழுங்கா வந்தார். அப்புறம் பக்கத்து மலையில ஏதோ திருவிழான்னு போயிட்டார். முட்டையை விட்டுட்டு வர மனசில்லாம அக்கா உள்ளேயே காத்திருந்தா. எங்களுக்குத் தெரிஞ்சு நாங்க போய்ச் சுவரை உடைச்சப்போ நேரமாயிடுச்சு."

தேன்மலையில் திருவிழாக்களுக்குத் தடை என்று மாலையில் சட்டம் போடலாமா என்று ராஜாவுக்கு ஒரு நினைப்பு வந்தது. அதுவல்ல அவள் வேண்டியது என்று அவருக்கே புரிந்தது. சட்டம் போடத் தோன்றியும் போடாமல் விட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஒரு வாரம் கழித்து மிளகி சொன்னாள். "பாடம் முடிஞ்சுது. இனிமே நீங்க எந்தப் பொண்ணு முன்னாலயும் தைரியமாப் போய் நிற்கலாம்."

மறுநாள் ராஜா போய் நின்றது மிளகியின் முன்னால்தான். வாயில் ஓர் அத்திப்பழம். பறித்து அதிக நேரம் ஆகியிருந்தது போலும், விழுங்காமல் அடக்கி வியர்க்காத குறையாக இருந்தார்.

"பாடம்தான் நேத்தே முடிஞ்சுதே?"

பழத்தைக் கிளையில் வைத்துவிட்டு ராஜா பேசினார். "தெரியும். மிளகி, பசிக்குதா?"

அவள் சிரிக்கவில்லை. "ராஜா, நான் உள்ளே போயிட்டா நீங்க கொண்டுவர்ற பழம்தான் என் உசுரு. என் குஞ்சோட உசுரும் அதுதான். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் ராஜா. அரசர் வாயில் வரக்கூடாத வார்த்தை அது. அதைக் கேட்ட பிறகுதான் மிளகி பழத்தை வாங்கிக்கொண்டாள்.

மிளகி பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டாள். ராஜா காட்டின் நடுவே எல்லோரும் வரும் பெரிய அத்திமரத்துக்கும் பொந்துக்குமாகப் பறக்கத் தொடங்கினார். ஒரு நாளைக்கு இருபது நடை, முப்பது நடை. சபையில் உட்கார ஏது நேரம்? ஒரே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

அத்திமரத்தில் வேறொரு வேடிக்கை நடந்தது. ராஜாவின் முகம்தான் யாருக்கும் தெரியாதே! இலை மறைவில் நகமும் தெரியவில்லை. ஒரு பச்சைப்புறா அவரை விலாவில் இடித்தது.

"கொஞ்சம் தள்ளுய்யா. எல்லாப் பழத்தையும் நீயே எடுத்துட்டா எப்படி? வீட்டுல அடைகாக்குறாங்களா?"

"ஆமாம்" என்றார் ராஜா.

"அப்ப இந்தக் கிளைக்கு வா, இங்கேதான் நல்லாப் பழுத்திருக்கு. கொடுத்துவெச்சவன்யா நீ, இந்த வருஷம் பொஞ்சாதிக்குப் பழம் மிஞ்சுது. அந்த மூக்கன் சபைக்கு வர்றதில்லையாம். போன வருஷம் எங்க வீட்டுக்காரி ஒட்டின வயிறோட அடைகாத்தா. நான் பறிச்சதெல்லாம் அவன் வாய்க்குத்தான் போச்சு."

ராஜாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. போன வருஷம் அந்தப் பழங்களின் ருசி சுமார்தான் என்று அவர் குறை சொன்னது ஞாபகம் வந்தது. புறா காட்டிய கிளையில் பழத்தைப் பறித்துக்கொண்டு பறந்துபோனார்.

இதற்கிடையில் சபை நடக்காததால் வரிசை இல்லை. வரிசை இல்லாததால் சிந்துகிற பழமும் இல்லை. மந்திரி வீட்டில் அவர் மனைவி வாயை நீட்ட ஆரம்பித்துவிட்டாள். மந்திரி ராஜாவைத் தேடி வந்தார்.

அன்றைக்குக் கோடைமழை கொட்டிக்கொண்டிருந்தது. ராஜா நனைந்து, இறக்கையை உலர்த்த முடியாமல் ஒரு கிளையில் ஒண்டிக்கொண்டிருந்தார். முட்டை பொரித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இப்போது ஊட்ட வேண்டிய வாய் இரண்டு.

"மகாராஜா! காடு கெட்டுப்போய்விட்டது! குயில் அனுமதி வாங்காமல் கூவுகிறது! மயில் தோகையை முழுசாக விரித்துவிட்டது!"

"அதனால் என்ன ஆயிற்று?"

மந்திரி கொஞ்சம் திணறினார். "ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது! ஒரே ஒரு நாள் சபைக்கு வாருங்கள். ராணியாருக்கு நான் ஊட்டிவிட்டு வருகிறேன். உங்கள் குரலிலேயே பேசிவிடுகிறேன். உள்ளே இருட்டு. அவருக்கு என்ன தெரியப்போகிறது?"

பொய் சொல்வானேன்? ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. இறக்கை வலித்தது. அலகு மரத்துப்போயிருந்தது. ஒரு நாள்தானே என்று நினைத்தார். கையில் அதிகாரம் இருக்கிறவர்கள் செய்யும் தப்பெல்லாம் ஒரு நாள்தானே என்றுதான் ஆரம்பிக்கிறது.

மருத மரத்தில் உட்கார்ந்தார். தகவல் பரவி, பறவைகள் பயந்துகொண்டு வரிசையில் வந்தன. முதல் பழம் வாயில் விழுந்தது. தித்திப்பு! இரண்டாவதும் விழுந்தது. வரிசையில் பச்சைப்புறா நிற்பதைக்கூட அவர் பார்க்கவில்லை. கண்தான் மூடியிருந்ததே!

உச்சிப்பொழுதில் மந்திரி திரும்பி வந்தார். மூக்கில் அதே பழம் அப்படியே இருந்தது.

"என்ன ஆச்சு?"

"ராணியார் வாங்கவில்லை, மகாராஜா. காலையிலிருந்து நான்கு தடவை போய்விட்டேன்."

"எம் குரலில் பேசவில்லையா?"

"அச்சு அசலாகப் பேசினேன்! 'யாம் வந்திருக்கிறோம், பெற்றுக்கொள்' என்றேன். 'வீடு மாறி வந்துட்டீங்க, இந்தக் குரல்ல எனக்கு யாரையும் தெரியாது' என்று உள்ளேயிருந்து சொன்னார். குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது. கடைசித் தடவை போனபோது அது கத்தவில்லை."

ராஜாவின் வாயிலிருந்த பழம் கீழே விழுந்தது. சபையைக் கலைக்கக்கூட நிற்காமல் மழையில் பாய்ந்தார். அவளுக்குத் தெரியாத குரலா அது என்று யோசித்தார். அவருடைய குரல்தான் அது. ஆனால் அந்தக் குரலில் அவர் மிளகியிடம் பேசிப் பல நாளாகிவிட்டது. நல்லாப் பழுத்த கிளை எது என்று இப்போது அவருக்குத் தெரியும். வாய் கொள்ளும் அளவுக்குப் பறித்தார். ஒன்றைக்கூட விழுங்கவில்லை.

"மிளகி! மிளகி, பசிக்குதா?"

உள்ளே சத்தமில்லை. ராஜாவுக்கு உயிரே போய்விட்டது. பிறகு பிளவின் ஓரத்தில் அவள் மூக்கு நுனி தெரிந்தது.

"குஞ்சுக்குக் கொடுங்க" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஒவ்வொன்றாகக் கொடுத்தார். உள்ளே ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்டது. பிறகு பலமாகக் கேட்டது. ராஜா அழுதார். மழையில் அது தெரியவில்லை.

"உனக்கு?"

"காலையில வந்தது யார்?"

மந்திரிமேல் பழியைப் போட்டிருக்கலாம். ராஜாக்களுக்கு மந்திரிகள் இருப்பதே அதற்குத்தான். ஆனால் ராஜா, "நான்தான் அனுப்பினேன்" என்றார்.

"ஏன்?"

"சோம்பல். வலி. ஊட்டி வாங்குற ஆசை. உட்கார்ந்த இடத்துல பதினஞ்சு பழம் தின்னேன், மிளகி. நீங்க ரெண்டு பேரும் இங்கே பட்டினியா இருந்தீங்க."

"இந்தச் சுவரை உள்ளேயிருந்து உடைக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும்" என்றாள் அவள். "இவ்வளவு நேரம் அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன். உடைச்சா இந்த மழையில குஞ்சு பிழைக்காது. உடைக்கலைன்னா உங்களை நம்பணும். ரெண்டுல எது மோசம்னு தெரியலை."

"உடைக்காதே. நான் சபைக்குப் போகலை. நாளைக்கும் போகலை. இனிமே எப்பவும் போகலை."

"உத்தரவா?"

"இல்லை. கெஞ்சறேன்."

பிளவில் மூக்கு இன்னும் கொஞ்சம் வெளியே நீண்டது. "ஒண்ணு கொடுங்க, பார்ப்போம்" என்றாள். அவர் கொடுத்தார். அவள் தின்றாள். பிறகு, "ஏங்க, நல்லா நனைஞ்சிருக்கீங்க போல. கொஞ்சம் ஓரமா உட்கார்ந்து இறக்கையை உலர்த்திட்டு அடுத்த நடைக்குப் போங்க" என்றாள்.

ராஜா அதற்குப் பிறகு மருத மரத்துக்குப் போகவேயில்லை. அவருடைய கிளையில் மந்திரி உட்கார்ந்து ராஜாவின் பழைய குரலில் மூன்று நாள் உத்தரவு போட்டுப் பார்த்தார். கேட்க ஆளில்லை. அவரவர் வீட்டில் அடைகாக்கிறவர்களுக்குப் பழம் கொண்டுபோகவே நேரம் சரியாக இருந்தது. நான்காம் நாள் மந்திரியின் மனைவி வந்து, "உத்தரவு போட்டது போதும், போய்ப் பூச்சி பிடிச்சுட்டு வாங்க!" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த உத்தரவு மட்டும் உடனே நிறைவேறியது.

நல்லாப் பழுத்த கிளையில் ராஜாவும் பச்சைப்புறாவும் தினமும் சந்தித்துக்கொண்டார்கள். ஒரு நாள் ராஜா தயங்கித் தயங்கி, "அந்த மூக்கன் நான்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

புறா முதல் தடவையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

"இருக்கட்டும்" என்றது கடைசியில். "குஞ்சு எப்படி இருக்கு?"

ஆகவே குழந்தைகளே, பெரியவர்களே, பிறர் ஊட்ட வாய் திறந்து உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு உயரக் கிளையில் இருந்தாலும் அவருக்குப் பயம் மட்டுமே மரியாதையாகக் கிடைக்கும். தன் பசியைப் பொறுத்துக்கொண்டு இன்னொருவர் பசிக்குச் சுமப்பவருக்கே அன்பும் நம்பிக்கையும் கிடைக்கும்.